இரண்டே முக்கால் கிலோ: ஒரு கிளாடியேட்டர் தலைக்கவச நகலைச் சோதித்தபோது

நண்பர் ஒருவர் கல்லூரியில் வரலாறு நடத்துகிறார். துறைக் கண்காட்சிக்காக இணையத்தில் மூன்று பொருள்கள் வாங்கியிருந்தார்: ஒரு தலைக்கவசம், ஒரு வாள், ஒரு திரிசூலம். மூன்றும் பண்டைய ரோமில் கூட்டத்தின் முன் ஆயுதத்தோடு மோதவிடப்பட்ட கிளாடியேட்டர்கள் அரங்கில் பயன்படுத்தியவற்றின் அச்சு அசலான நகல்கள் என்று விற்றவர் போட்டிருந்தார். “பொருளுக்கு நாலு வரி, பக்கத்தில் வைக்கிற அட்டைக்கு எழுதிக் கொடுங்க, போதும்” என்றார் நண்பர். நாலு வரிதானே என்று ஒத்துக்கொண்டேன். மூன்று வாரம் ஓடிவிட்டது.

முதல் வேலையாகத் தலைக்கவசத்தை வீட்டுச் சமையலறைத் தராசில் வைத்தேன். 2.75 கிலோ காட்டியது. கையில் தூக்கும்போது கனமாகத்தான் இருந்தது. மாட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றால் கழுத்து வலித்தது. சரி, இவ்வளவு கனமிருந்தால் உண்மையானதுபோல்தான் செய்திருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். அங்கேதான் தவறினேன்.

தலைக்கவசம்

ஒப்பிட்டுப் பார்க்க அசல் எங்கே இருக்கிறது என்றால், பெரும்பாலும் ஒரே இடத்தில் கிடைத்தவைதான். இத்தாலியின் பண்டைய நகரமான பொம்பேயியில், பெரிய நாடக அரங்குக்குப் பின்னால் நாலு பக்கமும் தூண்கள் சூழ்ந்த ஒரு முற்றம் உண்டு. கி.பி. 62ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பிறகு அதைக் கிளாடியேட்டர்களின் இருப்பிடமாக மாற்றியிருந்தார்கள். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்து எல்லாவற்றையும் மூடியது. 1766-67இல் அந்த முற்றத்தைச் சுற்றியிருந்த அறைகளைத் தோண்டியபோது வெண்கலத் தலைக்கவசங்கள், முழங்கால் வரை வரும் முன்கால் கவசங்கள், தோள் தகடுகள் என்று குவியலாகக் கிடைத்தன. இன்று அவற்றில் பெரும்பகுதி நேப்பிள்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிளாடியேட்டர் கவசம் என்று உலகம் அறிந்திருப்பதில் பெரும்பங்கு இந்த ஒரு கட்டடத்திலிருந்து வந்தது. இது இல்லாவிட்டால் சுவர்ச் சித்திரங்களையும் விளக்குகளில் வார்த்த குட்டி உருவங்களையும் வைத்துத்தான் பேசிக்கொண்டிருப்போம்.

அந்தத் தலைக்கவசங்களில் சில பார்க்கவே மலைப்பாக இருக்கும். ஒன்றில் டிராய் நகரம் வீழ்ந்த கதை முழுவதும் புடைப்புச் சிற்பமாக ஓடுகிறது. இப்படி வேலைப்பாடு செய்ததைப் போட்டுக்கொண்டு யாராவது வெட்டிக்கொள்வார்களா என்ற கேள்வி ஆரம்பத்திலிருந்தே இருந்தது. மேலே வெட்டுக் காயமோ ஒடுக்கோ பெரிதாக இல்லை. அதனால் இவை ஊர்வலத்துக்கு மட்டும் போட்டவை, சண்டைக்கு வேறு எளிய கவசங்கள் இருந்திருக்கும் என்று சிலர் முடிவு கட்டினார்கள்.

இந்த முடிவை அசைத்தது நகல்தான். ஜெர்மானிய வரலாற்றாய்வாளர் மார்க்குஸ் யுங்கெல்மான், ரோமானியப் படை எப்படி நடந்தது என்று அறிய 1985இல் ஒரு சிறு குழுவோடு ரோமானிய வீரர்களின் முழுச் சுமையையும் சுமந்து ஆல்ப்ஸ் மலையை நடந்தே கடந்தவர். அப்புறம் அவர் கவனம் கிளாடியேட்டர்கள் பக்கம் திரும்பியது. பொம்பேயித் தலைக்கவசங்களை எடைபோட்டு, தகட்டின் தடிமனை அளந்து, அதே அளவில் செய்து, ஆட்களுக்கு மாட்டி மோதவிட்டுப் பார்த்தார். அவர் சொன்ன கணக்கு இது: கவசங்களின் எடை 3.3 கிலோவிலிருந்து 6.8 கிலோ வரை, சராசரியாக 4 கிலோ. தகட்டின் தடிமன் சராசரியாக 1.5 மில்லிமீட்டர். ரோமானியப் படைவீரன் போட்ட தலைக்கவசம் 2 கிலோ அளவில்தான் இருக்கும்.

யோசித்தால் இது ஊர்வலக் கவசத்துக்கு நேர் எதிர். ரோமானியக் குதிரைப்படை அணிவகுப்புக்குப் போட்ட அலங்கார முகக்கவசங்கள் மெல்லிய தகடுகள். பளபளப்பு மட்டும் வேண்டுமென்றால் யாராவது படைவீரன் சுமப்பதைப் போல இரண்டு மடங்கு உலோகத்தைத் தலையில் ஏற்றுவார்களா? கண்ணுக்கு முன்னால் அவ்வளவு நுணுக்கமான கம்பி வலை எதற்கு? படைவீரன் கவசத்தோடு நாள் முழுக்க நடக்க வேண்டும், அதனால் எடையைக் குறைத்தார்கள். கிளாடியேட்டர் மோதுவது சில நிமிடங்கள். யுங்கெல்மான் மதிப்பீட்டில் 10 முதல் 15 நிமிடம். அந்த நேரத்துக்கு 4 கிலோவைத் தாங்கிவிடலாம், தலை பிழைத்தால் போதும். காயம் இல்லாததற்கு, அவை அதிகம் பயன்படாத புதுக் கவசங்களாக இருந்திருக்கலாம் என்பது அவர் தந்த விளக்கம். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. அருங்காட்சியகக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவர்களுக்கு வேலைப்பாடுதான் கண்ணில் பட்டது. தலையில் மாட்டியவருக்குத்தான் எடை தெரிந்தது.

இப்போது நண்பரின் தலைக்கவசத்துக்கு வருகிறேன். உள்ளே கையை விட்டால் தோல் பட்டைக்கு அடியில் வெல்டிங் மேடு விரலில் தட்டுப்படுகிறது. பித்தளை நிறம் மேலே பூச்சு மட்டும். விளிம்பில் சுரண்டிய இடத்தில் இரும்பின் சாம்பல் நிறம் தெரிகிறது. விவரச் சீட்டில் ‘18 கேஜ் ஸ்டீல்’ என்று இருந்தது. 18 கேஜ் என்றால் தடிமன் 1.2 மில்லிமீட்டர். இங்கே ஒரு சின்னக் கணக்கு. 1.5 மில்லிமீட்டர் தகட்டை 1.2 ஆக்கினால் எடை ஐந்தில் நான்கு பங்காகிவிடும். வெண்கலத்தைவிட ஸ்டீல் ஏறத்தாழ பத்து சதவீதம் லேசு. ஆக 4 கிலோ அசலை இதே அளவில் 18 கேஜில் செய்தால் 2.85 கிலோ வரும். தராசு காட்டியது 2.75. அதாவது வடிவத்தை யாரோ ஒழுங்காகத்தான் பார்த்துச் செய்திருக்கிறார்கள். எடையைத்தான் யாரும் கேட்கவில்லை. டேராடூன், மீரட் போன்ற ஊர்களில் இப்படிப்பட்ட கவசங்களும் வாள்களும் செய்து உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். வாங்குகிறவர் கேட்டால் 16 கேஜிலும் தட்டிக் கொடுக்கும் பட்டறைகள் உண்டு. 16 கேஜ் என்றால் 1.6 மில்லிமீட்டர், அசலுக்குக் கொஞ்சம் மேலேயே. விலையும் கப்பல் கூலியும் ஏறும் என்பதால் சுவரில் மாட்டுகிறவர்கள் அதைக் கேட்பதில்லை.

எடைக்கு அடுத்தபடியாக எனக்கு உறுத்தியது கொண்டை. விற்றவர் இதை முர்மில்லோ என்ற வகை கிளாடியேட்டரின் தலைக்கவசம் என்கிறார். கொண்டையின் முன்முனையில் கழுகுத் தலை போன்ற ஓர் உருவம் வளைந்து நிற்கிறது. அது கிரிஃபின், கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட புராண விலங்கு. கிரிஃபின் தலை வைத்த கொண்டை த்ரேக்ஸ் என்ற வகை கிளாடியேட்டருக்கு உரியது. முர்மில்லோவின் பெயர் ஒரு கடல் மீனின் பெயரிலிருந்து வந்தது. அவன் கவசக் கொண்டை கோணமாக, மீன் துடுப்பு மாதிரி எழும்பி நிற்கும். இருவரும் ஒருவருக்கொருவர் எதிரிகள். அரங்கில் இவர்களைத்தான் அடிக்கடி ஜோடி சேர்த்தார்கள். ஆக இந்தக் கவசம் எதிராளியின் பெயரில் விற்கப்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய விஷயத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. கிளாடியேட்டர் ஆயுதமே தொடக்கத்தில் ஒரு நகல்தான். கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் சாம்னைட் மக்களை ரோமும் அதன் கூட்டாளிகளான கம்பானியரும் தோற்கடித்தார்கள். கம்பானியர் தங்கள் விருந்துகளில் மோதவிட்ட ஆட்களுக்கு, தோற்ற எதிரியின் கவசங்களைப் போலவே மாட்டிவிட்டு ‘சாம்னைட்’ என்றே பெயர் வைத்தார்கள் என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். காழ்ப்பில் செய்ததாம். த்ரேக்ஸ் என்பதும் பால்கன் பகுதியின் திராசியரைக் குறிக்கும் சொல்தான். அவர்களின் வளைந்த வாளோடும் சிறு கேடயத்தோடும் வந்து நிற்பான். முதல் பேரரசர் அகஸ்டஸின் காலத்தில் சாம்னைட், கால் (பிரான்ஸ் பகுதியின் பழங்குடியினர்) என்ற பெயர்கள் மறைந்து புதுப் பெயர்கள் வந்தன. முன்பு எதிரியாயிருந்தவர்கள் அதற்குள் ரோமின் குடிமக்களாகிவிட்டிருந்தார்கள்.

பொம்பேயிக் கவசங்கள் கிடைத்த பிறகு நகலெடுப்பது தனித் தொழிலாகவே வளர்ந்தது. நேப்பிள்ஸில் 1870இல் தொடங்கிய கியுராட்ஸி வார்ப்படச் சாலை, அருங்காட்சியகத்து வெண்கலங்களை அச்செடுத்து வார்த்து ஐரோப்பா, அமெரிக்கா என்று விற்றது. 1872இல் பிரெஞ்சு ஓவியர் ழான்-லியோன் ழெரோம் வரைந்த ஓவியம் இன்னும் பெரிய வேலையைச் செய்தது. வென்றவன் விழுந்தவனின் மேல் காலை வைத்து நிற்க, கூட்டம் கட்டைவிரலைக் கீழே காட்டும் அந்தப் படம் இன்று ஃபீனிக்ஸ் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கவசங்கள் பொம்பேயி மாதிரியே தத்ரூபம். ஆனால் கீழே கிடப்பவன் வலையும் திரிசூலமும் வைத்திருக்கும் ரெட்டியாரியஸ். அவனுக்கு எதிரே வழக்கமாக இறக்கப்பட்டவன் செக்குட்டோர். வலை சிக்காமலிருக்க முட்டை போல வழவழப்பான கவசம், கண்ணுக்கு இரண்டு சிறு துளைகள், அகன்ற விளிம்பு கிடையாது. ஓவியத்திலோ விளிம்பும் கொண்டையுமாக ஒருவன் நிற்கிறான். 2000இல் வந்த ‘கிளாடியேட்டர்’ படத்துக்கு இயக்குநர் ரிட்லி ஸ்காட்டைச் சம்மதிக்க வைத்ததே இந்த ஓவியத்தின் பிரதிதான். படத்திலிருந்து கடைக்கு, கடையிலிருந்து நண்பரின் மேசைக்கு என்று அந்த வழி நீள்கிறது.

வாள்

வாளைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை என்று நினைத்தேன். பழைய ரோமில் பொம்மை வாளை நம்பி ஒருவர் செத்த கதை குறுக்கே வந்தது.

முதலில் பொருள். விற்றவர் கணக்கில் 32 அங்குலம், அதாவது 81 சென்டிமீட்டர். பொம்பேயி வகை என்று அறியப்படும் ரோமானியப் படை வாள் பிடியோடு சேர்த்தே 60 முதல் 65 சென்டிமீட்டர். அரங்கில் மோதியவர்கள் கையில் சிற்பங்களிலும் சித்திரங்களிலும் தெரிவது பல சமயம் அதைவிடக் குட்டை. சிலது கத்தி என்றே சொல்லலாம். பெரிய கேடயத்துக்குப் பின்னால் ஒட்டி நின்று, இடுக்கில் குத்துகிற சண்டை அது. 81 சென்டிமீட்டர் வாளைக் கேடயத்தோடு பிடித்து நாங்கள் இருவரும் நின்று பார்த்தோம். குத்த முழங்கையைப் பின்னால் இழுத்தாலே இடுப்பும் விலாவும் திறந்துவிடுகிறது. சினிமாவில் வீச்சு அழகாகத் தெரிய வேண்டும், அதற்காக நீட்டியிருக்கிறார்கள்.

கூர் தீட்டாதது என்பதை விற்றவர் ஒரு குறைபோலச் சொல்லியிருந்தார். அதுதான் இந்த வாளிலேயே மிகவும் ரோமானியமான அம்சம். பயிற்சிக் கூடத்தில் கூரான ஆயுதம் கைக்கு எட்டாது. அவை கிடங்கில் பூட்டப்பட்டிருக்கும். பயிற்சி மர வாளில்தான். நிறுத்தி வைத்த மரக் கம்பத்தின் முன் நாள் முழுக்க அடித்துப் பழகுவார்கள். கி.மு. 105இல் படைவீரர்களுக்கு வாள் பயிற்சி கொடுக்க ஒரு கிளாடியேட்டர் கூடத்தின் ஆசிரியர்களையே ரோம் வரவழைத்தது. புதிய வீரர்களுக்கு இரண்டு மடங்கு எடையுள்ள மர வாளும் பிரம்புக் கேடயமும் கொடுத்தார்கள் என்று ரோமானியப் போர்க்கலை எழுத்தாளர் வெஜீசியஸ் எழுதியிருக்கிறார்; உண்மை வாள் கைக்கு வந்ததும் லேசாகத் தோன்றும். எடையில்தான் பாடம் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஜெர்மனியின் ஓபராடனில் அகஸ்டஸ் காலப் படைமுகாமைத் தோண்டியபோது திராசிய வகை வளைந்த வாளின் மர மாதிரி ஒன்றே கிடைத்திருக்கிறது. இரண்டாயிரம் வருடப் பழைய நகல் ஆயுதம்.

கதை இதுதான். பேரரசர் கலிகுலா ஒரு முர்மில்லோவோடு மர வாளால் விளையாட்டுச் சண்டை போட்டார். அவன் மரியாதைக்காகத் தானே விழுந்தான். கலிகுலா இரும்புக் கத்தியால் அவனைக் குத்திவிட்டு, வென்றவன்போலப் பனை ஓலையைப் பிடித்துக்கொண்டு ஓடினார் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ். விழுந்தவன் மர வாளை நம்பி விழுந்தவன்.

அரங்கில் கூர் எவ்வளவு என்பதும் ஆட்சிக்கு ஆட்சி மாறியது. பேரரசர் திபேரியஸின் மகன் ட்ரூசஸின் கொடுமையால், மிகக் கூரான வாள்களுக்கு அவன் பெயரையே வைத்தார்களாம். பேரரசர் மார்க்கஸ் ஆரீலியஸ் நேர் மாறு. தன் முன்னால் மோதுகிறவர்களுக்கு மழுங்கிய ஆயுதங்களையே கொடுக்கச் செய்தார். இரண்டையும் சொல்பவர் வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ. டைட்டஸ் பேரரசர் செய்தது வேறு ரகம். தன்னைக் கவிழ்க்கச் சதி செய்த இருவரை மன்னித்து, மறுநாள் அரங்கில் பக்கத்தில் உட்கார வைத்தார். மோதப்போகிறவர்களின் ஆயுதங்களைச் சோதனைக்குக் கொண்டுவந்தபோது அவற்றை அந்த இருவர் கையிலேயே கொடுத்தார், கூர் பார்க்கச் சொல்லி.

ரோமை எதிர்த்துக் கிளர்ந்த கிளாடியேட்டர் ஸ்பார்ட்டகஸின் ஆட்களுக்கு இந்த ஆயுதங்கள் மேல் என்ன மதிப்பு இருந்தது என்பதைக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்கிறார். கி.மு. 73இல் இத்தாலியின் காப்புவா நகரத்துப் பயிற்சிக் கூடத்திலிருந்து எழுபது சொச்சம் பேர் சமையலறைக் கத்திகளையும் இறைச்சிக் கம்பிகளையும் எடுத்துக்கொண்டு தப்பினார்கள். வழியில் வேறு ஊருக்குப் போய்க்கொண்டிருந்த வண்டிகளில் கிளாடியேட்டர் ஆயுதங்கள் கிடைத்தன. அப்புறம் துரத்தி வந்த படையை அடித்து விரட்டி, படைவீரர் ஆயுதங்கள் கைக்கு வந்ததும், கிளாடியேட்டர் ஆயுதங்களை இழிவானவை என்று வீசி எறிந்துவிட்டார்கள்.

திரிசூலம்

திரிசூலத்தைப் பார்த்ததும் நண்பரின் மாணவர் ஒருவர், “சார், இது நம்ம கோயில் சூலம் மாதிரியே இருக்கு” என்றார். தவறில்லை. வெளி முனைகள் இரண்டும் தாமரை இதழ்போல வளைந்து அகன்றிருந்தன. அழகுதான், ஆனால் ரெட்டியாரியஸ் பிடித்தது மீன் குத்தும் சூலத்தின் வழிவந்தது.

இதன் அளவுக்கு நேரடியான சாட்சி எபேசஸில் உண்டு. இன்றைய துருக்கியிலிருக்கும் அந்த ஊரில் 1993இல் ஒரு கிளாடியேட்டர் இடுகாடு கண்டுபிடிக்கப்பட்டது. பக்கத்தில் கிடைத்த கல்லறைக் கற்கள் யாருடையது என்று காட்டிக்கொடுத்தன. வியன்னாவைச் சேர்ந்த கார்ல் குரோஸ்ஷ்மிட்டும் ஃபாபியன் கான்ஸும் 68 பேருக்குக் குறையாத எலும்புகளை ஆராய்ந்து, தலைக் காயங்கள் பற்றி 2006இல் வெளியிட்டார்கள். ஒரு மண்டையோட்டின் துளைகளுக்கிடையே இருந்த தூரம், எபேசஸ் துறைமுகத்தில் முன்பே கிடைத்திருந்த ஒரு திரிசூலத்தின் முனைகளுக்கிடையே இருந்த தூரத்தோடு பொருந்தியது. போர்க்களத்தில் செத்தவர்கள் உடலில் கண்டபடி பல வெட்டுகள் இருக்கும்; இவர்களிடம் அப்படி இல்லை. விதி இருந்திருக்கிறது, நடுவர் இருந்திருக்கிறார், அந்த விதிக்குள் கொன்றிருக்கிறார்கள்.

அதே எலும்புகள் இன்னொரு ஆயுதத்துக்கும் உயிர் கொடுத்தன. ருமேனியாவில் கிடைத்த ஒரு கல்லறைக் கல்லில் ரெட்டியாரியஸ் ஒருவன் நாலு முள்கள் சதுரமாக நிற்கும் விசித்திரமான ஒரு கத்தியைப் பிடித்திருக்கிறான். சிற்பியின் கற்பனை என்று ஒதுக்கியிருந்தார்கள். எபேசஸ் எலும்பில் சதுரமாக அமைந்த நாலு துளைகள் கிடைத்ததும் பேச்சு மாறியது. அந்த ஆயுதத்தின் அசல் எதுவும் இன்று கையில் இல்லை. செய்து பார்க்கிறவர்கள் கல்லையும் எலும்பையும் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

வலையும் அப்படித்தான், ஒன்றுகூட மிஞ்சவில்லை. அது எப்போதும் கைகொடுக்கவும் இல்லை. மாட்ரிட் அருங்காட்சியகத்தில் ஒரு மொசைக் உண்டு. கீழ்ப்பாதியில் கலெண்டியோ என்ற ரெட்டியாரியஸ் வீசிய வலை, எதிராளியான அஸ்டியானாக்ஸ் மேல் முழுக்க விழுந்து மூடியிருக்கிறது. மேல்பாதியில் கலெண்டியோ அடிபட்டுத் தரையில். அவன் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு. செத்தான் என்பதற்கான அடையாளம்.

அட்டைகள்

நண்பரிடம் மூன்று அட்டைகளைக் கொடுத்தேன். தலைக்கவசத்தின் அட்டையில் ‘முர்மில்லோ’வை அடித்துவிட்டு ‘த்ரேக்ஸ், கிரிஃபின் கொண்டையைப் பார்க்கவும்’ என்று எழுதி, கீழே ‘இந்த நகல் 2.75 கிலோ, பொம்பேயி அசல்கள் சராசரி 4 கிலோ’ என்று சேர்த்தேன். வாளுக்கு: ‘நீளம் சினிமாவுடையது, மழுங்கிய முனை மார்க்கஸ் ஆரீலியஸ் காலத்துக்குப் பொருந்தும்.’ திரிசூலத்தை வைக்க வேண்டாம் என்றேன். நண்பர் கேட்கவில்லை, கூட்டம் அதைப் பார்க்கத்தான் வரும் என்றார். அதற்கு ‘அலங்காரப் பொருள்’ என்று இரண்டே சொல்லில் ஒரு அட்டை.

கண்காட்சியன்று தலைக்கவசத்தை மாணவர்கள் மாட்டிப் பார்க்க அனுமதித்தோம். உள்பட்டைக்கும் உச்சிக்கும் நடுவே ஒன்றேகால் கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி வைத்திருந்தேன். முதலில் மாட்டிய பையன் கம்பி வலைக்குள்ளிருந்து, “கீழே என் காலே தெரியலையே சார்” என்றான். பத்து நிமிடம் நிற்கச் சொன்னோம். நாலாவது நிமிடத்தில் கழற்றிவிட்டான்.